ரயில் பாதைக்குக் கிழக்கே

விழா மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கேட்டது ஒரு கணக்கு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வெளிநாட்டு மாணவர்கள், ஆராய்ச்சியில் பேர் வாங்கிய துறைகள், ஆசிரியர்களும் மற்றப் பணியாளர்களும் என்று மூன்று தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. அட்டவணை போட்டால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். விழாவுக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தங்கள் வகுப்புப் புகைப்படத்தைத் தேடப் போய்விடுவார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை, நானும் அப்படித்தான் செய்வேன். அதனால் அட்டவணையை வேறு யாராவது போடட்டும் என்று சொல்லிவிட்டு, இங்கே படித்து இங்கேயே பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்த வழியில் எழுதுகிறேன்.

சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டம் இரண்டாகப் பிரியும். நடராசரைப் பார்க்க வந்தவர்கள் மேற்கே ஊருக்குள் போவார்கள். டிரங்குப் பெட்டியும் சுருட்டிய படுக்கையுமாக வந்தவர்கள் தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே நடப்பார்கள். கிழக்கே இருப்பது அண்ணாமலைநகர், அஞ்சல் எண் 608002. ஏறக்குறைய 1,000 ஏக்கர். அதற்கும் கிழக்கே வயல், உப்பங்கழி, அப்புறம் கடல். பல்கலைக்கழகத்தின் வாசல் ஊரைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஆனால் அதன் கதையில் பாதி கடல் பக்கமிருந்து வந்தது.

முதலில் பணமே அப்படி வந்ததுதான். 1920-இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கியபோது கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதைத் தொடர்ந்து தமிழுக்கு ஒன்று, வடமொழிக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என்று கல்லூரிகள் எழுந்தன. தமிழ்க் கல்லூரிக்கு உ.வே.சாமிநாதையரே 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தார். 1929-இல் எல்லாம் ஒன்றாகிப் பல்கலைக்கழகமானபோது, கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயையும் செட்டியார் எழுதிக் கொடுத்தார். அந்த 20 லட்சத்தின் பின்னால் என்ன இருந்தது என்று விழா மலர்களில் யாரும் அதிகம் எழுதுவதில்லை. ரங்கூனிலும் கொழும்பிலும் மலாயாவிலும் செட்டிநாட்டார் நடத்திய வட்டிக்கடைகளும், அவை கடன் கொடுத்து வளர்த்த நெல்வயலும் தோட்டங்களும் இருந்தன. கடனைக் கட்ட முடியாமல் நிலத்தைப் பறிகொடுத்த பர்மிய உழவனும் அந்தக் கணக்கில் ஒரு வரி. வாழ்த்துமலரில் இதையெல்லாம் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பேரேட்டில் இருப்பது மலரிலும் இருக்கட்டுமே.

துணைவேந்தர்களைப் பற்றி அவர்கள் படங்களின் கீழேயே நிறைய எழுதியிருப்பார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். இரண்டாவது துணைவேந்தர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, 1927-இல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகப் போனவர். டர்பனில் அவர் பெயரில் ஒரு கல்லூரி உண்டு. இங்கே அவர் பெயரில் ஒரு மண்டபம் உண்டு. அவருக்குப் பின் வந்த கூர்மா வெங்கட ரெட்டியும் அதே தென்னாப்பிரிக்காவில் அதே பதவியில் இருந்துவிட்டு வந்தவர். முதல் துணைவேந்தர் எஸ்.இ. ரங்கநாதன் பின்னால் லண்டனில் இந்தியாவின் ஹைகமிஷனர் ஆனார். தற்செயல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காவிரிக் கடைமடையில் வயல் நடுவே கட்டிய ஒரு புதுப் பல்கலைக்கழகத்தை, தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறிய மக்களின் வழக்கைக் கேப் டவுனிலும் டர்பனிலும் பேசியவர்கள் அடுத்தடுத்து நடத்தியது சிறிய விஷயம் அல்ல.

இனி விபுலானந்தர். இவரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1931-இல் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தவர் தஞ்சாவூர்க்காரரும் அல்ல, மதுரைக்காரரும் அல்ல. இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் 1892-இல் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.ஸி. பட்டதாரி, யாழ்ப்பாணத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் தேறிய பண்டிதர், அதற்கும் மேல் காவி உடுத்திய ராமகிருஷ்ண மடத்துத் துறவி. இந்த நான்கும் ஓர் ஆளிடம் சேர்ந்திருப்பதை அன்றைய தமிழ் வித்துவான்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பாரதி இறந்து பத்து ஆண்டுகூட முழுதாகக் கழியாத காலம். பாரதி பாட்டை வகுப்பறைக்குள் விடலாமா என்று புலவர் உலகம் யோசித்துக்கொண்டிருந்தபோது, இவர் மாணவர்களைக் கூட்டி வைத்துப் பாரதியைப் பேசினார். மாலையில் பல்கலைக்கழகத்தை ஒட்டியிருக்கும் திருவேட்களத்துச் சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார் என்றும் சொல்வார்கள். திருவேட்களம் தேவாரப் பாடல் பெற்ற தலம். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் சேரிக்கும் போனதில்லை.

இங்கே அவர் இருந்தது 1933 வரைதான். ஆனால் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு பழந்தமிழர் யாழ் எப்படி இருந்திருக்கும், எந்த நரம்பு எந்தச் சுரத்தைப் பேசியிருக்கும் என்று அவர் கணக்குப் போட்ட வேலைக்கு இந்த இடத்தில்தான் நாற்று விட்டது. அறிவியல் படித்தவர் என்பது அங்கே உதவியது. சுருதியை அவர் பின்னமாக எழுதிப் பார்த்தார். அந்த உழைப்பு 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் ‘யாழ்நூல்’ என்று அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் போய்விட்டார்.

ஆசிரியரே அந்தக் கரையிலிருந்து வந்த பிறகு மாணவர்கள் வராமல் இருப்பார்களா? தலைமன்னாரில் கப்பலேறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து போட் மெயில் ரயில். சிதம்பரம் அந்த வழியில்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கொழும்பு எவ்வளவு தூரமோ, சிதம்பரம் மனசளவில் அதைவிடக் கிட்டே. பருத்தித்துறைக் கிழவிகளும் ஆருத்ரா தரிசனத்துக்கு வந்து போன ஊர் இது.

விபுலானந்தரிடம் இங்கே படித்த க. கணபதிப்பிள்ளை, லண்டன் போய்க் கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் முதல் தமிழ்ப் பேராசிரியராக விபுலானந்தரை அழைத்தது. அவருக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் இந்த மாணவர். அங்கே தமிழ்த்துறையின் வேர் எங்கே என்று தோண்டினால் மண் சிதம்பரத்து மண்.

1945 வாக்கில் இன்னொருவர் வந்தார். முப்பது வயதைத் தாண்டிய கத்தோலிக்கப் பாதிரியார், வெள்ளை அங்கி, ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொன்காரர். ரோமில் இறையியல் படித்து முடித்திருந்தார். ஐரோப்பிய மொழிகள் பல தெரியும். தமிழ் மட்டும் சரியாகத் தெரியவில்லை என்ற குறை. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது ஒரு பண்டிதரிடம் முறையாகத் தொடங்கியதை இங்கே வந்து எம்.ஏ.யும் எம்.லிட்.டும் ஆக்கினார். சேவியர் தனிநாயகம் அடிகள்தான். சங்கப் பாட்டில் இயற்கை அவருடைய ஆய்வுப் பொருள். பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைவரானார். 1964-இல் டெல்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்நின்றார். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். சென்னையில் அல்ல, மதுரையில் அல்ல, கோலாலம்பூரில். பிற்காலத்தில் தமிழ் மாநாடு என்றால் ஊர்வலமும் வளைவுமாக ஆகிப்போனதற்கு அவர் பொறுப்பில்லை.

இசையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் நடந்த மாநாடுதான் தமிழிசை இயக்கத்துக்குக் கொடியேற்றம். தமிழில் பாட்டே இல்லையா என்று கேட்டதற்குச் சென்னையில் எழுந்த சண்டை எல்லாருக்கும் தெரிந்தது. இங்கே நடந்த வேலை சண்டை அல்ல. பாட்டைத் தேடி எடுத்துச் சுரப்படுத்தி அச்சடிப்பது. பிற்பாடு பல ஆண்டுகள் இசைத் துறையின் தலைவராக இருந்தவர் எம்.எம். தண்டபாணி தேசிகர். 1942-இல் வந்த ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில் தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, போக ஏங்கியவர், கடைசியில் தில்லையிலேயே வேலைக்கு வந்து சேர்ந்தார் என்று நாங்கள் கேலி பேசுவோம். யாழ்ப்பாணத்தில் ‘சங்கீத பூஷணம்’ என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட வாத்தியார்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அந்தப் பட்டம் இங்கே வாங்கியது.

எனக்கு 1970-களில் விடுதி அறைக்குப் பக்கத்து அறை யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர் ஒருவர். இசை மாணவர். விடியற்காலை நாலரைக்குத் தம்புரா மீட்டத் தொடங்கிவிடுவார். திட்டப் போனால், "மன்னிச்சுக் கொள்ளுங்கோ தம்பி, இந்த நேரம் விட்டா குரல் வராது" என்பார். திட்டு வாயிலேயே நின்றுவிடும். மெஸ்ஸில் அவர் முதல் நாள் கேட்டது சொதி. பரிமாறுகிறவருக்கு விளங்கவில்லை. "தேங்காய்ப்பால் விட்ட தண்ணிக் குழம்பு அண்ணை" என்று இவர் விளக்க, "எங்க ஊர்ல தேங்காய்ப்பால்ல ஆப்பம்தான் சார்" என்று அவர் சொல்ல, அன்றைக்கு ரசத்தோடு முடிந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இலையில் மஞ்சளாக ஏதோ ஊற்றினார்கள். வடமராட்சிக்காரர் ருசி பார்த்தார், கண்ணை மூடினார், "சரியாயில்லை, ஆனா நல்லாயிருக்கு" என்றார். அந்தப் பரிமாறுகிறவர் பல்கலைக்கழகத்தின் எந்த மலரிலும் இல்லை.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்ததையெல்லாம் மொழியியல் துறையில் முறையாகக் குறித்துக்கொண்டிருந்தார்கள். 'கதைக்க வேணும்' என்றால் பேச வேண்டும், 'பேசினான்' என்றால் திட்டினான். விடுதி வராந்தாவில் இது வேடிக்கை, துறைக்குள் தரவு. தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் ஊன்றி, ச. அகத்தியலிங்கம் வளர்த்த துறை அது. எழுத்தில்லாத மலைவாழ் மக்கள் மொழிகளுக்கெல்லாம் நேரில் போய்க் கேட்டு இலக்கணம் எழுதிய துறை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சு. சுசீந்திரராசா 1960-களில் இலங்கைத் தமிழின் அமைப்பையே ஆய்வாக எழுதி இங்கே டாக்டர் பட்டம் பெற்றுப் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். தன் வீட்டுப் பேச்சைக் கடல் தாண்டி வந்து அளந்து பார்த்தவர் அவர்.

புதிதாக வந்த எந்த வெளிநாட்டு மாணவரும் முதலில் கேட்பது வாயிலில் நிற்கும் சிலையைப் பற்றி. 1965 ஜனவரி 27-இல், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் ராசேந்திரன் அது. மொழிக்காகவா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்பார்கள். இலங்கை மாணவர்கள் மட்டும் கேட்பதில்லை.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அதுவும் நாளெண்ணியது, 1984-இல் நின்றுபோனது. தபால்காரர் விடுதிக்குக் கொண்டு வரும் கட்டில் இலங்கை முத்திரை போட்ட நீல ஏரோகிராம்கள் குறைந்துகொண்டே வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதன் பின் மருத்துவம், பொறியியல் என்று மலேசியாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இன்னும் அதிகம். விமானத்தில் சென்னை வந்து இறங்கிக் காரில் வந்தார்கள். ரயில் பாதையைத் தாண்டி நடந்து வரும் வழக்கம் போயிற்று.

கடல் தாண்டிப் போகக் கிளம்பிப் போய்ச் சேராத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1929 முதல் 1941 வரை கணிதத் துறையில் விரிவுரையாளராக இருந்தவர் எஸ்.எஸ். பிள்ளை; செங்கோட்டைப் பக்கம் வல்லத்தில் பிறந்தவர். எந்த எண்ணை எடுத்தாலும் அதைச் சில வர்க்கங்களின் கூட்டாக, சில கனங்களின் கூட்டாக எழுதலாமா, அதிகபட்சம் எத்தனை வேண்டும் என்பது 18-ஆம் நூற்றாண்டில் வாரிங் என்ற ஆங்கிலேயர் போட்டுவிட்டுப் போன கேள்வி. ஆறாம் படிக்கு விடை 73 என்று பிள்ளை 1940-இல் நிறுவினார். கணிதம் பிடிக்காதவர்களும் இதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 1-இன் ஆறாம் படி 1, 2-க்கு 64, 3-க்கு 729. இப்போது 703-ஐ எடுங்கள். 729 பெரிது, பயன்படாது. பத்து 64 போட்டால் 640. மிச்சம் 63-க்கு ஒன்று ஒன்றாக 63 தடவை. ஆக 73. இதைவிட அதிகம் எந்த எண்ணுக்கும் வேண்டாம் என்று காட்டுவதுதான் கஷ்டம், அதைத்தான் அவர் செய்தார். அமெரிக்காவில் டிக்சன் இதே கேள்வியை உடைத்துக்கொண்டிருந்த அதே சமயத்தில், அண்ணாமலைநகரின் புழுக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு வாத்தியார் தனியே உடைத்தார். பிரின்ஸ்டனில் தங்கி ஆராய அழைப்பு வந்தது. 1950 ஆகஸ்ட் 31-இல் கெய்ரோ அருகே அவர் போன விமானம் விழுந்தது.

பொறியியல் 1945-இல் வந்தது, வேளாண்மை 1958-இல், தொலைதூரக் கல்வி 1979-இல், மருத்துவக் கல்லூரி 1985-இல். இதற்கெல்லாம் தனித்தனிக் கட்டுரைகள் இருக்கும் என்று நம்புகிறேன். தபாலில் பாடம் அனுப்பியதைப் பற்றி மட்டும் யாராவது நன்றாக எழுத வேண்டும். கண்டக்டர்களும் போலீஸ்காரர்களும் சத்துணவு அமைப்பாளர்களும் பட்டதாரியானது அதனால்தான்.

பணியாளர் விஷயத்துக்கு வருகிறேன். இதை மழுப்பினால் மலர் மணக்காது. ஒரு காலத்தில் இங்கே சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். அந்தச் சுமையில் பணம் முட்டுப்பட்டு, 2013-இல் அரசு தன் நிர்வாகியை நியமித்தது. அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. செட்டிநாட்டுக் குடும்பத்தின் 84 ஆண்டுத் தொடர்பு அத்தோடு முடிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் உபரி என்று குறிக்கப்பட்டு வேறு வேறு அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். உபரி என்ற சொல் கணக்குக்குச் சரி. இருபது வருஷம் ஒரே ஆய்வகத்தில் குடுவை கழுவி, எந்த மாணவன் எந்த அமிலத்தைக் கொட்டுவான் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். வேலைக்கு எடுத்தபோது கணக்குப் பார்க்காதவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். எடுக்கப்பட்டவர்கள் பெட்டி கட்டினார்கள். 2021-இல் மருத்துவக் கல்லூரியும் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாகப் பிரிந்து போனது.

இவ்வளவுக்கும் நடுவில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் கடல் உயிரியல் நிலையம் ஒன்றை விலங்கியல் பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா தொடங்கி வைத்தார். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் இறங்கிய பழைய துறை. இப்போது நண்டுக் குஞ்சும் மிதவை உயிரியும் எண்ணுகிற இடம். ஆற்று நீரும் கடல் நீரும் சேரும் கழிமுகத்தில் உப்பு எந்த மாதம் எவ்வளவு, எந்த மீன் எப்போது உள்ளே வரும் என்று வருஷக்கணக்காகக் குறித்து வைத்த ஏடுகள் அங்கே உண்டு. அலங்காரமில்லாத ஆராய்ச்சி. இந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறைக்கு உலகத்தில் பேர் என்று கேட்டால், தமிழாசிரியனான நானே தயங்காமல் சொல்வது இதைத்தான்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் பிச்சாவரம், சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தத் துறையின் க. கதிரேசனும் இன்னோர் ஆய்வாளரும் இந்தக் கரையில் 18 குப்பங்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சாவு குறைவு என்று எழுதினார்கள். உலகம் முழுக்க அந்தக் கட்டுரையைக் காட்டிப் பேசினார்கள். இல்லை, அந்தக் குப்பங்கள் மேட்டிலும் கடலிலிருந்து தள்ளியும் இருந்ததுதான் காரணம், காட்டுக்குப் பங்கு தெளிவில்லை என்று வேறு அறிவியலாளர்கள் அதே எண்களை வைத்து மறுத்தார்கள். எனக்கு இந்தச் சண்டை பிடித்திருக்கிறது. நம் கட்டுரையை யாரும் மறுக்கவே இல்லை என்றால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் யுனெஸ்கோவும் சேர்ந்து நடத்திய அலையாத்திக் காட்டுப் பயிற்சி 2001-இலிருந்து பரங்கிப்பேட்டையில் நடந்து வந்தது. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து தங்கிப் படித்துப் போனார்கள். ஒருமுறை அவர்களோடு படகில் போக எனக்கும் இடம் கொடுத்தார்கள், மொழிபெயர்ப்பாளன் என்ற சாக்கில். துடுப்புப் போட்டவருக்கு ஐம்பது வயதிருக்கும், உள்ளூர்க்காரர், சட்டையில்லை. பேராசிரியர் ஒவ்வொரு மரத்துக்கும் லத்தீன் பெயர் சொல்ல, பின்னாலிருந்து இவர் சுரபுன்னை, வெண்கண்டல் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண் லத்தீனை விட்டுவிட்டு இவர் சொல்வதையே தன் எழுத்தில் குறித்துக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் பளபளக்கும் இலையோடு ஒரு மரம் நீர்மேல் சாய்ந்திருந்தது. அந்தப் பெண் கையை நீட்டினார். துடுப்புக்காரர் சட்டென்று படகை விலக்கினார்.

"தில்லைங்க அது. ஒடிச்சா பால் வரும், கண்ணுல பட்டா பார்வை போயிடும். அம்மாகிட்ட சொல்லுங்க சார்."

சொன்னேன். ஊருக்கே அந்த மரத்தின் பெயர்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, தில்லை, தில்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.